கட்டம் எண்ணித் தைத்தல்

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில், பழம்பொருள்களின் நடுவே, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் பழைய விளையாட்டுக் கருவி ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் கண்டேன். கண்டதும் என் பழைய பிழை ஒன்று நினைவுக்கு வந்தது. சுமார் 25 ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கு நோட்டின் கட்டங்களில் வண்ணம் தீட்டி, மீசைக்காரப் பொம்மை ஒன்றை உருவாக்கியிருந்தான். வீண் வேலை என்று கடிந்து அத்தாளைக் கிழித்துவிட்டேன். அவன் செய்தது இன்னதென்று எனக்கு அன்று விளங்கவில்லை. அதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

அந்தக் காலத்து விளையாட்டுகளில் உருவங்கள் யாவும் சிறு சதுரங்களால் ஆனவை. கருவியின் நினைவகம் மிகக் குறைவு. ஆதலின் சில கட்டங்களுக்குள் ஓர் உருவத்தை அடக்கவேண்டியிருந்தது. ஜப்பானியரான ஷிகேரு மியாமோட்டோ, 1981இல் வெளிவந்த 'டாங்கி காங்' விளையாட்டில், பின்னர் மாரியோ என்று புகழ்பெற்ற மனிதனைப் படைத்தார். வாயை வரையக் கட்டங்கள் போதாமையால் மீசை வந்தது. தலைமுடியைக் காட்டுவது கடினமாயிருந்தமையால் தொப்பி வந்தது. குறையே அழகுக்குக் காரணமாயிற்று.

நம் பெண்கள் 'கிராஸ் தையல்' என்று வழங்குவதும் இத்தகையதே. மேட்டித் துணியில் நூலிழைகள் சிறு சதுரங்களாக அமைந்துள்ளன. ஒவ்வொரு சதுரத்திலும் பெருக்கற்குறி போல் இரு சாய்வுத் தையல்கள் இட்டால் அது ஒரு புள்ளி. திரையின் ஒரு கட்டம் துணியின் ஒரு கட்டம் ஆகும். இதனாலேயே உலகெங்கும் பலர் பழைய விளையாட்டு உருவங்களைத் துணியில் தைத்து மகிழ்கின்றனர்.

எண்ணித் தைத்தல் நமக்குப் புதிதன்று. நீலகிரியில் தோடர் குலப் பெண்கள், வெள்ளைப் பருத்திப் போர்வையில் சிவப்பும் கறுப்புமான நூலால், துணியின்மேல் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே தைக்கின்றனர். அக்கலைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது குறுக்குத் தையல் அன்று. எனினும் எண்ணும் ஒழுக்கம் ஒன்றே. வாசலில் புள்ளி எண்ணிக் கோலமிடுவோருக்கும் இது எளிதில் கைவரும்.

இனி ஓர் உருவத்தைத் தைத்துப் பார்ப்போம். டோமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் நண்டு போன்ற உருவம் ஒன்று உண்டு. அதன் அகலம் 11 கட்டம். உயரம் 8 வரிசை. தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிசையில் 3, 9. இரண்டாவதில் 4, 8. மூன்றாவதில் 3 முதல் 9 வரை. நான்காவதில் 2, 3, 5, 6, 7, 9, 10. இங்கே வெறுமையாக நிற்கும் 4, 8 ஆகிய கட்டங்களே கண்கள். ஐந்தாவதில் பதினொன்றும். ஆறாவதில் 2, 10 நீங்கலாக மற்றவை. ஏழாவதில் 1, 3, 9, 11. எட்டாவதில் 4, 5, 7, 8. ஆக மொத்தம் 46 தையல்கள்.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். இவ்வுருவம் இருபுறமும் ஒத்தது. ஆறாம் கட்டம் நடுவில் நிற்பது. மற்ற எக்கட்டத்தின் எண்ணையும் அதன் எதிர்க் கட்டத்தின் எண்ணோடு கூட்டினால் 12 வரவேண்டும். வராவிடில் எங்கோ பிழை. ஒரு கட்டம் தவறினால் அதனை ஒட்டி எண்ணுவன யாவும் தவறும். ஆதலின் வரிசைதோறும் சரிபார்த்தல் நன்று.

அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணியில் இவ்வுருவம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலமே இருக்கும். துணியை நான்காக மடித்து, நடுவிடம் கண்டு தொடங்குக. ஆறு புரி நூலில் இரண்டு புரியைப் பிரித்தெடுத்துக் கோத்தால் போதும். மேலே வரும் சாய்வு எல்லாக் கட்டங்களிலும் ஒரே திசையில் இருத்தல்வேண்டும்; மாறினால் ஒளி மாறுபட்டுத் துணி திட்டுத் திட்டாகத் தோன்றும்.

கூட்டல், சமச்சீர், அளவை, பொறுமை ஆகியவற்றையே நான் பல்லாண்டுகள் கரும்பலகையில் கற்பித்தேன். அம்மாணவன் அவை அனைத்தையும் ஒரே தாளில் தானாகவே செய்துகாட்டினான், கண்டுகொள்ளாதவன் நான். கிழித்த தாளை மீண்டும் ஒட்ட இயலாது. உங்கள் இல்லத்துப் பிள்ளை, மகனாயினும் மகளாயினும், கட்டங்களில் வண்ணம் தீட்டக் கண்டால், கடிந்துகொள்ளுமுன் அருகில் அமர்ந்து அக்கட்டங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.