சொல்லாதே, நிரூபி!

உங்களுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. அதை ஒருவருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என்ன செய்கிறீர்கள்? ஆதார் ஜெராக்ஸை நீட்டுகிறீர்கள். அதில் பிறந்த தேதி, அப்பா பெயர், வீட்டு நம்பர், தெரு, பன்னிரண்டு இலக்க எண், போதாக்குறைக்குப் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி ஒரு போட்டோ! கேட்டவருக்குத் தேவைப்பட்டது 'ஆமாம்' என்ற ஒரே பதில். நீங்கள் கொடுத்ததோ முழு ஜாதகம். அந்த ஜெராக்ஸ் நாளைக்கு எந்த பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றப் போகிறதோ!

'நிரூபிப்பது வேறு, விவரத்தை ஒப்படைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாமலே முதலாவதைச் செய்யலாம்' என்கிறது ஒரு கணிதம். ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்று பெயர். விஷயம் உண்மை என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லிக் கொடுக்காத நிரூபணம். ஒரு வருடமாக ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான் குடித்தனம் நடத்துவது இதனோடுதான். (வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அச்சில் போட முடியாது.)

நான் ப்ரொஃபசர் இல்லை. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ப்ரோகிராமர். ஸ்டாக், சம்பளம், ஷிப்பிங் பில் இவைதான் என் உலகம். எனக்கு எதற்கு இந்தக் கணக்கு?

வெளிநாட்டு பையர்கள் இப்போதெல்லாம் விலையோடு தோலின் பூர்வீகத்தையும் கேட்கிறார்கள். எந்த டேனரி? அதற்கு சர்ட்டிஃபிகேட் உண்டா? நியாயமான கேள்விதான். ஆனால் முதலாளியின் கவலையும் நியாயம்தான். ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்:

"சர்ட்டிஃபிகேட் இருக்கற எடத்துலேர்ந்துதான் தோல் வருதுன்னு காட்டணும் தம்பி. ஆனா யாருகிட்ட வாங்கறோம்னு காட்டக் கூடாது. லிஸ்ட்டைக் கொடுத்தா அடுத்த சீசன்ல அவனே நேரா அங்க போயிடுவான். நாம பாலாத்துல உக்காந்து மணல் எண்ணவேண்டியதுதான்."

எண்ணுவதற்கு மணல் எங்கே மிச்சம் இருக்கிறது என்பது வேறு விஷயம். 'காட்டணும், ஆனா காட்டக் கூடாது' என்ற அந்த வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

* * *

இது நடக்கிற காரியமா? எங்கள் செலக்‌ஷன் பிரிவுக்கு வாருங்கள். அங்கே ஒரு பெரியவர், எல்லோருக்கும் 'பாய்'. பாலிஷ் ஏற்றிய இரண்டு துண்டுகளைத் தொட்டுப் பார்த்து, இது வெள்ளாடு, இது செம்மறி என்பார். எனக்கு இரண்டும் கறுப்பு, அவ்வளவுதான்.

அவருக்கு நிஜமாகவே தெரிகிறதா என்று எப்படிச் சோதிப்பது? இரண்டு துண்டுகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறேன். இஷ்டப்பட்டால் கை மாற்றுவேன், இல்லாவிட்டால் மாட்டேன். முன்னால் நீட்டி, "மாத்தினேனா பாய்?" என்கிறேன். தொட்டுப் பார்த்துச் சரியாகச் சொல்கிறார். குருட்டாம்போக்கில் சொல்பவனுக்கு ஒரு தடவை பலிக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. தொடர்ந்து 20 தடவையும் பலிக்க வாய்ப்பு 10,48,576-ல் ஒன்று! இருபதும் சரியென்றால் நம்பித்தானே ஆகவேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், ஆட்டம் முடிந்த பிறகும் வெள்ளாட்டைச் செம்மறியிலிருந்து பிரிக்க எனக்குத் தெரியாது. பாயின் வித்தை பாயிடமே இருக்கிறது. அவருக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த யோசனையை 1985-ல் கணிதமாக்கியவர்கள் ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்லஸ் ரக்காஃப். அந்தக் கட்டுரை ஏற்கப்படுவதற்கு முன்னால் சில தடவை திரும்பி வந்ததாம். பத்திரிகைக்குக் கதை அனுப்பும் நண்பர்கள் ஆறுதல் அடையலாம். முதல் இருவருக்கும் 2012-ம் வருட டூரிங் விருது கிடைத்தது.

* * *

சரி, தோல் துண்டை கம்ப்யூட்டரில் எப்படித் தொடுவது? இங்கேதான் கணக்கு வருகிறது. பயப்படாதீர்கள், வகுத்து மீதி காணத் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டின் புதிய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'மட்டு எண்கணிதம்' என்ற பெயரில் இது இருக்கிறது. கடிகாரக் கணக்குதான்: பத்து மணிக்கு ஐந்து மணி நேரம் கழித்துப் பதினைந்து என்கிறோமா? மூன்று என்கிறோம்.

நம் கடிகாரத்தில் 23 மணி. எந்த எண் வந்தாலும் 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். என் ரகசியம் 7. ஏழு 2-களைப் பெருக்கினால் 128, மீதி 13. இந்த 13-ஐ ஊருக்கே சொல்லிவிடுகிறேன், 7-ஐ மட்டும் சொல்ல மாட்டேன். 13-லிருந்து 7-ஐக் கண்டுபிடித்தால் போச்சு என்பீர்கள். 23-க்கு அது சுலபம். நிஜத்தில் 23 இருக்கும் இடத்தில் 600 இலக்கத்துக்கு மேல் உள்ள ஓர் எண் உட்கார்ந்திருக்கும். அங்கே பின்னோக்கிப் போக இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு வழியில்லை.

7 எனக்குத் தெரியும் என்று உங்களுக்கு நிரூபிக்கிறேன். 1989-ல் க்ளாஸ் ஷ்னோர் சொன்ன வழி இது:

ஒன்று: மனசுக்குள் வேறோர் எண், 4, எடுத்துக்கொள்கிறேன். நான்கு 2-களைப் பெருக்கி 16 என்கிறேன்.

இரண்டு: நீங்கள் இஷ்டத்துக்கு ஓர் எண் கேட்கிறீர்கள். 3 என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று: நான் 4 + (3 × 7) = 25 என்று போட்டு, 11-களைத் தள்ளி, மீதி 3 என்கிறேன். (ஏன் 11? பதினொரு 2-களைப் பெருக்கினால் 2048. 23-ஆல் வகுத்தால் மீதி 1. அங்கே சக்கரம் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது.)

இப்போது சரிபாருங்கள். மூன்று 2-களைப் பெருக்கினால் 8. மறுபக்கம் 16 × 13 × 13 × 13 = 35,152; 23-ஆல் வகுத்தால் மீதி... 8! பொருந்திவிட்டது. 7 என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை.

'ஏதோ ஒரு மூலையில் 7 கசிந்திருக்காதா?' இதற்கான பதிலைப் படித்த அன்று நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய் நாலு நடை நடந்தேன். நீங்களும் கேளுங்கள்.

7 தெரியாத நீங்களே, தனியாக, இப்படி ஓர் உரையாடலை ஜோடிக்கலாம். பின்னாலிருந்து எழுத வேண்டும். பதில் 5, கேள்வி 2 என்று முதலில் முடிவு செய்துகொண்டு, முதல் எண்ணை அதற்குத் தோதாக 4 என்று போடுங்கள். ஐந்து 2-கள் 32, மீதி 9. மறுபக்கம் 4 × 13 × 13 = 676; மீதி 9. கச்சிதம்! ரகசியம் தெரியாதவரே எழுதக்கூடிய ஒரு பேச்சில் ரகசியம் எப்படி ஒளிந்திருக்கும்? கசிவு ஜீரோ என்பதற்குக் கணிதம் தரும் உத்தரவாதம் இதுதான். நேரில் மட்டும் இந்தத் தில்லுமுல்லு செல்லாது. நீங்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே நான் முதல் எண்ணைச் சொல்லியாக வேண்டுமே!

ஒரு எச்சரிக்கை. மனசுக்குள் எடுத்த அந்த 4-ஐ இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. அடுத்த முறையும் 4 எடுத்து, நீங்கள் 5 கேட்டால், என் பதில் 4 + 35 = 39; 11-களைத் தள்ளினால் 6. இரண்டு பதில்களின் வித்தியாசம் 3, இரண்டு கேள்விகளின் வித்தியாசம் 2. எதை 2-ஆல் பெருக்கி 11-ஐத் தள்ளினால் 3 வரும்? 7! குட்டு உடைந்தது. விளையாட்டில்லை, இதற்குப் பங்காளி முறையான ஒரு கையெழுத்துக் கணக்கில் சோனி கம்பெனி ப்ளேஸ்டேஷன் 3-க்கு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டு, 2010 டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் மானம் போனது.

* * *

பெரிய கணக்குகளுக்கு இன்னொரு படி ஏற வேண்டும். ஆயிரம் பக்க நிரூபணத்தை முழுசாகப் படிக்காமல், சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்துச் சரியென்று சொல்ல முடியுமா? நம் பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நிரூபணத்தைத் தகுந்த முறையில் மாற்றி எழுதினால் அது சாத்தியம் என்று 1992-ல் காட்டியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த மது சூதன். கூட இருந்தவர்களில் சஞ்சீவ் அரோரா, ராஜீவ் மோட்வானி ஆகியோரும் நம் நாட்டில் பிறந்தவர்கள்தான்.

அதன் அடியில் இருப்பது நாம் ஸ்கூலில் சபித்த பல்லுறுப்புக் கோவை. இரண்டு வெவ்வேறு நேர்கோடுகள் ஓரிடத்துக்கு மேல் வெட்டிக்கொள்ளாது. அதுபோல் இரண்டு வெவ்வேறு கோவைகளும் ஒரு சில இடங்களில்தான் ஒத்துப்போகும். கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தைத் தொட்டாலே பொய் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம்.

இதெல்லாம் காகிதத்தோடு நிற்கவில்லை. ஆதாரில் உள்ள க்யூஆர் கட்டத்தில் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. அதை வைத்து, 'இவர் பதினெட்டைத் தாண்டியவர்' என்பதை மட்டும், பெயரோ எண்ணோ தராமல் நிரூபிக்கும் ப்ரோகிராமை எதீரியம் அறக்கட்டளையைச் சேர்ந்த குழு ஒன்று எழுதி, எல்லோருக்கும் திறந்து வைத்தது. பெயர் அனான் ஆதார். அரசாங்கத்தின் திட்டம் இல்லை. ஆனால் ஜெராக்ஸ் இல்லாமல் காரியம் நடக்கும் என்பதற்கு அத்தாட்சி.

முதலாளியின் லிஸ்ட்? அதற்கும் 1994-லேயே வழி இருக்கிறது. சர்ட்டிஃபிகேட் உள்ள நூறு டேனரிகளுக்கும் ஆளுக்கொரு ரகசிய எண், ஊரறிந்த எண். 'இந்த லாட்டை அனுப்பியது நூறு பேரில் ஒருவர்' என்று அனுப்பிய டேனரி நிரூபிக்கலாம். எவர் என்பது வெளியே தெரியாது. மற்ற 99 பேருக்கும் மேலே பார்த்த ஜோடித்த உரையாடல். தனக்கு மட்டும் நிஜம். எது நிஜம் என்று எவராலும் பிரிக்க முடியாது.

முதலாளியிடம் விளக்கினேன். "கணக்கு சரி தம்பி. தோலே வேற எங்கிருந்தோ வந்திருந்தா?" என்றார். ஆளைக் குறைத்து எடைபோடாதீர்கள், சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். கையெழுத்து உண்மையா என்று கணிதம் சொல்லும். கையெழுத்துப் போட்டவர் உண்மை சொன்னாரா என்று சொல்லாது. அதற்கு ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். டேனரிகள் ரகசிய எண் வைத்துக்கொள்ளவும், பையர் இதை ஒப்புக்கொள்ளவும் இன்னும் நாளாகும். இப்போதைக்கு எங்கள் சர்ட்டிஃபிகேட்டுகள் ஃபைலில்தான் தூங்குகின்றன.

ஆபீஸ் முடிந்து களைத்து வரும் நீங்களும் இதைப் படிக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு, 23 என்ற எண், தினம் ஒரு மணி நேரம். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் கையால் போட்டுப் பாருங்கள். மீதி பொருந்தும்போது வருகிற சந்தோஷம் இன்க்ரிமென்ட்டில் கூடக் கிடைக்காது.

அதுவரை ஒரு சின்னப் பழக்கம். அடுத்த முறை யாராவது ஜெராக்ஸ் கேட்டால், "உங்களுக்கு இதுல என்ன தெரியணும் சார்?" என்று பணிவாகக் கேளுங்கள். பல பேருக்குப் பதில் தெரியாது. ஆம்பூர் பிரியாணி மாஸ்டரிடம் மசாலா என்னவென்று கேட்டால், தட்டை நீட்டி, "சாப்ட்டுப் பாருங்க" என்பார். நிரூபணம் ஆச்சு, ரகசியம் டேக்‌ஷாவோடு இருக்கிறது. அவர் கணிதம் படித்தவரா என்று விசாரிக்க வேண்டும்!