கனம் தூக்க முடியாத காலுக்கு ஒரு காற்றுப்பட்டை

மலேசியாவில் பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் முழங்கை வலி புதுச் செய்தியல்ல. விடியுமுன்னே நெற்றி விளக்கோடு ரப்பர் நிரையில் இறங்கி, மரத்துக்கு மரம் ஒரே கோணத்தில் கத்தியை இழுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்படும் என்பதால் மணிக்கட்டு இறுகியே இருக்கும். செம்பனைத் தோட்டத்திலோ நீண்ட கழியில் பூட்டிய அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கிக் குலை அறுக்க வேண்டும். தோளும் முழங்கையும் எத்தனை ஆண்டு தாங்கும்?

நரம்பு பிசகிவிட்டது என்று தைலம் தேய்த்து உருவி விடுவார்கள். நாலு நாள் ஓய்வில் வலி அடங்கும், வேலைக்குத் திரும்பியதும் மறுபடி தலைதூக்கும். பல நேரங்களில் பழுதாகியிருப்பது தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெல்லத்தான் ஆறும். அளவறிந்து பாரம் ஏற்றினால்தான் அது உறுதிப்படும். ஸ்வீடன் மருத்துவர் ஹாகன் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், குதிகால் நாண் வலியால் ஓட முடியாமல் இருந்த 15 பேர், நாளுக்கு 180 முறை குதிகாலைப் பாரத்தோடு மெல்ல இறக்கும் பயிற்சியை 12 வாரம் செய்தார்கள். அனைவரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

ஆனால் அந்தப் பாரத்தையே தாங்க முடியாதவர் என்ன செய்வது?

இங்கேதான் காற்றுப்பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்திச் செய்யும் பயிற்சி வருகிறது. ஜப்பானியர் யோஷியாகி சாத்தோ 1966-இல் ஒரு பௌத்தச் சடங்கில் நெடுநேரம் மண்டியிட்டிருந்தபோது, கடும் பயிற்சி செய்ததுபோல் கெண்டைக்கால் இறுகியதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த யோசனை இது. 1973-இல் பனிச்சறுக்கில் அடிபட்டபோது தம் காலிலேயே சோதித்துப் பார்த்தார்.

குதிகால் நாண் பழுதானாலும் பட்டையைக் கட்டுவது தொடையின் மேற்பகுதியில்தான். முழங்கை நாண் என்றால் மேற்கையில். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்றதுதான், கொஞ்சம் உறுதியானது. தமனி ஓட்டம் முழுதும் நிற்கும் அழுத்தம் எவ்வளவு என்று முதலில் அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதம் மட்டும் காற்றடைப்பார்கள். பிறகு, ஒருவர் ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 20 முதல் 30 சதவீதமே வைத்து, முதலில் 30 முறை, அடுத்து மூன்று சுற்றுகள், சுற்றுக்கு 15 முறை. இடையில் 30 வினாடி ஓய்வு. பிராணவாயு குறைவதால் தசை சீக்கிரம் களைத்து, பெரும் எடைக்குத் தேவைப்படும் இழைகளையும் வேலைக்கு இழுக்கிறது.

நாணுக்குப் பலன் உண்டா? ஜெர்மனியின் ஃபிரைபர்க் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட 14 வாரச் சோதனையில், பட்டை கட்டிக் குறைந்த எடை தூக்கியவர்களின் குதிகால் நாண், பெரும் எடை தூக்கியவர்களுடையதைப் போலவே தடித்து உறுதிப்பட்டது. அவர்கள் ஆரோக்கியமான ஆண்கள். முழங்கால் நாண் வலியுள்ள 7 பேரிடம் டென்மார்க்கில் 3 வாரம் செய்த சோதனையில் வலி ஏறத்தாழப் பாதியானது. நம்பிக்கை தரும் தொடக்கம் இது, ஆனால் தீர்ந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

துண்டையோ ரப்பர் பட்டையையோ வீட்டில் இறுக்கிக் கட்டி யாரும் முயலவே வேண்டாம். ரத்தக்கட்டு வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவால் ரத்தக்குழாயோ நரம்போ பாதிக்கப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. மலேசியாவில் நீரிழிவு விகிதம் இந்தியரிடையேதான் அதிகம் என்பதால் நம்மவர்க்கு இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம்.

மாதக்கணக்கில் வலி இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் போன்ற மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். வேலையால் வந்த நோய்க்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் சட்டத்தில் இடமுண்டு. என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லிப் பதிய வையுங்கள்.