ஒலிபெருக்கியில் வந்த இணையம்: வில்லியனூர் அறிவு மையங்கள் பற்றி ஒரு குறிப்பு

சில வருஷம் முன்னாடி ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு (பெயர் வேண்டாம்) இலவசமாக ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். எங்க விருத்தாசலத்தில் செராமிக் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு நலவாரியத் திட்டம், மருத்துவ முகாம் தேதி எல்லாம் அதில் வரும். களிமண் காய்ந்தால் பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. அதற்காக நெஞ்சு எக்ஸ்ரே முகாம் போட்டு, ஆப்பில் அறிவித்தோம். வந்தது ஒன்பது பேர்.

என் இன்ஜினியர் மூளை என்ன செய்யும்? இன்னொரு நோட்டிஃபிகேஷன் சேர்த்தது. பிறகு ஒரு அக்கா சொன்னாங்க: "தம்பி, கையெல்லாம் சேறு. போன் பைக்குள்ள கெடக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனா புள்ளைங்க புடுங்கிக்கும்." இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

அப்போதுதான் நம்ம பக்கத்திலேயே, புதுச்சேரியில், இந்த வேலையை ஸ்மார்ட்போனுக்கு முன்பே செய்தவர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சென்னையில் 1988-இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியுடன் 1998-இல் அங்கே கிராம அறிவு மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூரில் நடு மையம். சுற்றியுள்ள ஊர்களில் கிளைகள். தொலைபேசி இணைப்பை நம்ப முடியாத காலம் என்பதால் கிளைகளுக்கு ரேடியோ அலை வழியாகவே தகவலும் பேச்சும் போனது. மின்வெட்டுக்குச் சூரிய மின்சாரம். ஒரு நெட்வொர்க்காகப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆசையாக இருக்கிறது!

ஆனால் அவர்கள் ஆரம்பித்தது கணினியிலிருந்து இல்லை. ஊர்மக்கள் யாரிடம் தகவல் கேட்கிறார்கள் என்று முதலில் ஒரு கணக்கெடுப்பு. பெரும்பாலும் கடைக்காரர், சந்தை, அக்கம்பக்கம், உரம் விற்பவர். உரம் விற்பவரிடமே எந்த உரம் நல்லது என்று கேட்டால் பதில் எப்படி இருக்கும்? அந்த இடைவெளிக்குத்தான் மையம்.

அடுத்தது ஒப்பந்தம். இடமும் ஆளும் ஊர் தர வேண்டும், கருவி நிறுவனம் தரும். ஒரு நிபந்தனை: அந்த இடத்துக்கு தலித் மக்கள் உட்பட எல்லோரும் வர முடிய வேண்டும். எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது. இந்த நிபந்தனையை நான் சாதாரணமாகக் கடந்து போக மாட்டேன். யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் கணினியை வைத்திருந்தால் யார் படியேறுவார், யார் தெருவிலேயே நிற்பார் என்று நமக்குத் தெரியாதா?

மையத்தை நடத்தியது ஊரே தேர்ந்தெடுத்த தன்னார்வலர்கள், அதில் பெண்கள் அதிகம். கணினி இயக்குவது, ஆங்கில விசைப்பலகையில் தமிழ் அடிப்பது, யார் என்ன கேட்டார்கள் என்று பதிவேட்டில் எழுதுவது, இதெல்லாம் பயிற்சியில் அடக்கம். பதிவேடு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். எங்க மென்பொருள் பாஷையில் அதுதான் லாக். என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தானே அடுத்து எதைத் தேடிவைப்பது என்று தெரியும். நான் எழுதிய ஆப்பில் கேள்வி கேட்கவே இடம் கிடையாது.

வீராம்பட்டினம் மீனவக் கிராமம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொடவே வேண்டாம். காது போதும். உள்ளூர்ச் செய்திகளுக்கு 'நம்ம ஊர் செய்தி' என்று ஒரு பத்திரிகையும் வந்தது. 2001-இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

விருதை விடப் பெரிய சோதனை 2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்மக்கள் மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடும் படகும் போயின. ஆனால் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். கவனியுங்கள், அன்றைக்குக் கணினியோ இணையமோ வேலை செய்யவில்லை. ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, அதில் சொன்னால் ஊர் நம்பும் என்ற பழக்கம் வேலை செய்தது.

அதே நிறுவனம் பிறகு 2007-இல் மீனவர்களுக்குக் கைபேசிச் செயலியும் கொண்டுவந்தது. ஆகவே ஆப் தப்பு என்று நான் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் கேட்டுப் பழகிய பிறகு வந்த ஆப் அது. என்னுடையது முதல் நாளே வந்தது.

இந்த வருஷ முகாமுக்கு ஆப்பைத் தொடவில்லை. பதினொரு மணி டீ நேரத்தில் பட்டறைகளுக்குப் போய்ச் சொல்ல நான்கு பெண்களை அந்த ஊழியர்கள் தயார் செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், என்ன கேட்டார்கள் என்று எழுத. முதல் பக்கத்தில் வந்த கேள்வி: "எக்ஸ்ரேல ஏதாச்சும் தெரிஞ்சா வேலையவிட்டு நிறுத்திடுவாங்களா?" அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.