கல்லைப் பிடிக்கும் மண்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைத் தோப்புக்கும் போகிற வழிகள் மூன்று வகை: மண் ரோடு, கப்பி ரோடு, தார் ரோடு. கப்பி போட்டதுமே, ‘தார் எப்போ வரும்?’ என்று கேட்டுவிடுகிறோம். ஒழுங்காகப் போட்ட கப்பி ரோடு அரைகுறை வேலையாக இருக்காது. தோட்டத்து வழிக்கு அதுவே போதும்.

கப்பி ரோட்டில் உடைத்த சிறு கற்கள், அதாவது ஜல்லி, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பாரம் தாங்கும். அடிமண் மட்டும் நனையக் கூடாது. 1816-ல் பிரிஸ்டல் சாலைகளின் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம் பிடித்த சூட்சுமம் இது. கல்தூளும் தண்ணீரும் பின்னால் வந்து சேர்ந்தன.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். ஜல்லியை விரித்து, 8 முதல் 10 டன் ரோலரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டுவார்கள். அதன்மேல் கல்தூளைத் தூவி, துடைப்பத்தால் தள்ளி இடுக்குகளில் இறக்குவார்கள். தண்ணீர் ஊற்றி மறுபடி ரோலர். கடைசியாக, கல்லைப் பிடிக்கக் களி கலந்த கிராவல் மண். அதில்தான் சூட்சுமம். களி கூடினால் மழையில் குழையும். பசையே இல்லாவிட்டால் கோடையில் ஜல்லி பெயர்ந்து டயரில் தெறிக்கும்.

மலையடிவாரத்தில் சார்னோகைட்டும் நைஸும் இருப்பதால் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதைப் பிடிக்க எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. 1887-க்கும் 1895-க்கும் இடையே முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்கும் அதே கேள்விதான். முகப்பில் கருங்கல் கட்டு, உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் தூள். அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீருக்குள்ளேயே இறுகும். பச்சையாக இருந்தால் ஈரத்தில் இளகும் அதே களிதான்!

களியும் சுண்ணாம்பும் சேரும் இந்தக் குணத்தைச் சாலைப் பொறியியலும் பயன்படுத்துகிறது. களி மிகுந்த கரிசலில் சுண்ணாம்பு கலந்தால் அதன் குழைவு குறைந்து, பாரம் தாங்கும் அடித்தளமாகிறது.

கப்பிக்கும் குறை உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் கொடிகளில் ரோட்டுப் புழுதி படிவதை எந்த விவசாயியும் விரும்பமாட்டார். லாரி ஓயாமல் ஓடும் வழிக்குத் தார்தான் சரி. மற்ற வழிகளுக்கு நடுவில் மேடும் இரு ஓரமும் வாய்க்காலும் விட்டுக் கப்பி போடலாம். மழை கழிந்ததும் பள்ளத்தை அடைக்க ஜல்லியும் கிராவலும் பக்கத்திலேயே கிடைக்கும். தார் பெயர்ந்தால் டெண்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கப்பி பெயர்ந்தால் மண்வெட்டியோடு நாலு பேர் போதும்.