நாற்பது ஆண்டு அணு உலைக்கு மேலும் இருபது ஆண்டா?

பணிபுரியும் மனிதர்க்கு ஓய்வு வயது என ஒன்று உண்டு. அணுமின் நிலையத்திற்கும் அத்தகைய வயது உண்டா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் பலரும் உண்டென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1954ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், அணு உலையை இயக்கும் உரிமத்தை ஒரு முறைக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் வழங்கலாகாது என வரையறுத்தது. ஆனால் அந்த 40 என்னும் எண், எஃகும் சிமெண்டும் எத்தனை காலம் தாங்கும் எனச் சோதித்துக் கண்டதன்று. பொருளாதாரக் காரணங்களையும் ஏகபோகத் தடுப்பையும் முன்னிட்டே அது குறிக்கப்பட்டதென அந்நாட்டு அணு ஒழுங்குமுறை ஆணையமே கூறுகிறது.

ஆகவே, தவணை முடியுமுன் மேலும் 20 ஆண்டு கேட்பது சட்டத்திற்குப் புறம்பானதன்று. 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மேரிலாந்து மாநிலத்தின் கால்வர்ட் கிளிஃப்ஸ் நிலையம் இத்தகைய நீட்டிப்பை முதன்முதலாகப் பெற்றது. பிற நிலையங்களுள் பெரும்பாலானவை அவ்வழியே சென்றன. ஃபுளோரிடாவின் டர்க்கி பாயிண்ட் நிலையத்திற்கு 80 ஆண்டு வரை இயங்க 2019இல் அனுமதி கிடைத்தது. சுற்றுச்சூழல் ஆய்வு போதாதென 2022இல் அது நிறுத்தப்பட்டு, 2024இல் மீண்டும் அளிக்கப்பட்டது.

நீட்டிப்பை வேண்டுவோர் கூறும் காரணங்களைத் தள்ளிவிட இயலாது. கட்டி முடித்த நிலையம் புகையின்றி இரவும் பகலும் மின்சாரம் தருகிறது. அதை மூடினால் அவ்விடத்தை நிரப்புவது பெரும்பாலும் எரிவாயுவே. ஆயினும் உள்ளே முதுமை நிகழாமலில்லை. குழாய்களையும் நீராவிக் கலங்களையும்கூடப் பெருஞ்செலவில் மாற்றலாம். எரிபொருளைத் தாங்கும் எஃகுக் கலனையோ மாற்றுவதில்லை. ஓயாது பாயும் நியூட்ரான்களால் அதன் எஃகு மெல்ல மெல்ல நொறுங்கும் தன்மையடைகிறது. அதே எஃகின் சிறு துண்டுகளைக் கலனுக்குள்ளே வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்து, சம்மட்டியால் அடித்து உடைத்துப் பார்க்கின்றனர். கலனின் மூப்பை அத்துண்டுகள் சொல்லும்.

ஆனால் வாசகர்கள் அறிய வேண்டிய கதை மூப்பினால் மட்டும் விளைந்ததன்று. ஓஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில், டொலிடோ நகருக்குக் கிழக்கே டேவிஸ்-பெஸ் என்னும் அணுமின் நிலையம் உள்ளது. 1977இல் இயங்கத் தொடங்கிய அது சுமார் 900 மெகாவாட் மின்சாரம் தருவது. இவ்வகை உலையில் அணுப்பிளவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, குளிர்விக்கும் நீரில் போரிக் அமிலத்தைக் கரைத்து வைப்பர். நம் வீடுகளில் கேரம் பலகையின்மீது தூவுகிறோமே, அந்த போரிக் பவுடர்தான். பலகையின்மேல் அது சாது. கொதிக்கும் உலையின் தலைமூடியில், நீர் ஆவியாகி அமிலம் செறிந்து தேங்குமாயின், அதுவே இரும்பைத் தின்னும்.

கட்டுப்பாட்டுத் தண்டுகள் நுழையும் குழாய்களில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, நீர் சிறிது சிறிதாகக் கசிந்தது. அறிகுறிகள் இல்லாமலில்லை. 1999 முதல், காற்றின் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளின் வடிகட்டிகள் துருத்தூள் படிந்து அடிக்கடி அடைத்துக்கொண்டன. அடைத்த வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினர். 2000ஆம் ஆண்டில் எடுத்த புகைப்படத்தில், மூடியின்மீது துருநிற அமிலக்கட்டி வழிந்து உறைந்திருந்தது. மூடியை நன்றாகக் கண்ணுறுவதற்கு அங்கிருந்த துவாரங்கள் போதவில்லை. அவற்றை அகலப்படுத்தும் வேலையோ மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்டது.

2001இல் வேறு நிலையங்களில் இத்தகைய வெடிப்புகள் தெரியவந்ததும், டிசம்பர் 31க்குள் சோதிக்க வேண்டுமென ஆணையம் கேட்டது. எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தும் நாள் வரை பொறுக்குமாறு கம்பெனி வேண்டிற்று. ஆணையம் 2002 பிப்ரவரி 16 வரை தவணை தந்தது. மார்ச்சில் மூடியைத் திறந்து பழுதுபார்த்தவர்கள் கண்டது என்ன? சுமார் ஆறு அங்குல எஃகை அமிலம் முற்றும் அரித்து, ஓர் அன்னாசிப்பழம் புகுமளவு பள்ளம் தோண்டியிருந்தது. எஞ்சியிருந்தது ஒரு சென்டிமீட்டர்கூடக் கனமில்லாத துருப்பிடியா எஃகின் உள்தகடு மட்டுமே. அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று அது. அரிப்பைத் தடுக்கும் பூச்சு போன்றது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 150 மடங்கைத் தாங்கிக்கொண்டு, சற்றே புடைத்து நின்றிருந்தது.

அப்பொழுது அந்நிலையத்தின் வயது 24 மட்டுமே. முதல் உரிமத்தின் 40 ஆண்டுகளில் இன்னும் 15 ஆண்டு மீதியிருந்தது! உரிமத் தாளிலுள்ள ஆண்டைக் கொண்டு உலையின் நலத்தை அளப்பது எத்துணைப் பேதைமை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. தவணை அளித்ததில், கம்பெனிக்கு ஏற்படும் பணநட்டத்தைக் குறைக்கும் எண்ணம் பெரிதும் செயல்பட்டதென ஆணையத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கையிட்டது. தன் பணியாளர் சிலர் ஆணையத்திடம் அறிந்தே பொய்த் தகவல் தந்ததை 2006இல் கம்பெனி ஒப்புக்கொண்டு, 2 கோடியே 80 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. கட்டி முடிக்கப்படாமலே கைவிடப்பட்ட மிச்சிகன் மாநில நிலையம் ஒன்றின் மூடியை வாங்கிப் பொருத்தி, 2004 மார்ச்சில் உலையை மீண்டும் இயக்கியிருந்தனர்.

இந்நிலையத்திற்கே 20 ஆண்டு நீட்டிப்பு வேண்டி 2010இல் விண்ணப்பம் சென்றது. மறு ஆண்டு, மேலும் ஒரு புதிய மூடியை உள்ளே கொண்டுபோகச் சுற்றுக் கட்டடத்தை வெட்டியபோது, கான்கிரீட்டினுள் வெடிப்புகள் காணப்பட்டன. 1978இன் பெரும் பனிப்புயலில் ஈரம் ஊறியதே காரணம் என்றனர். சுவருக்கு வெளிப்பூச்சு இட்டிருக்கவில்லை. பிற்பாடு அவ்வெடிப்புகள் சிறிது வளர்ந்திருப்பதும் தெரிந்தது. அவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாட்டோடு 2015 டிசம்பரில் நீட்டிப்பு வழங்கப்பட்டது.

உரிமம் கைக்கு வந்தும் வருவாய் போதவில்லை. மலிவான எரிவாயு மின்சாரத்தோடு போட்டியிட இயலாது, 2018இல் மூடப்போவதாக அறிவித்தனர். அவ்வட்டாரக் குடும்பங்களின் கலக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் அந்நிலையம் செலுத்தும் வரியை நம்பியிருந்தன. இத்தகைய கலக்கத்தின் நடுவேதான் 2019இல், மாநிலத்தின் எல்லா மின் நுகர்வோரிடமும் கட்டணம் பெற்று இரு அணு நிலையங்களுக்கு உதவும் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னே சுமார் 6 கோடி டாலர் லஞ்சம் புரண்டது பிறகே வெளிப்பட்டது. சட்டமன்றக் கீழவையின் தலைவராயிருந்த லாரி ஹௌஸ்ஹோல்டருக்கு 2023இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அணு நிலையங்களுக்கான அந்த உதவி 2021இலேயே நீக்கப்பட்டிருந்தது.

நிலையம் மூடப்படவில்லை. 2024இல் வேறொரு கம்பெனியின் கைக்கு மாறி இன்றும் இயங்குகிறது. உரிமம் 2037 வரை உள்ளது.