நீர்மூழ்கியைத் தேடியவர் கைப்பேசிக்கு வேகம் தந்தார்! தெரியுமா?

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் நின்று கைப்பேசியில் வீடியோ பார்க்கிறீர்களா? அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு கடற்படை அதிகாரியின் மூளை இருக்கிறது! அதுவும் ஒரு தமிழர்!

★ 15 வயதில் கடற்படை!
அவர் பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வயதில் இவர் கடற்படையில் சேர்ந்துவிட்டார்! அங்கே அவர் கையாண்டது ஒலி!

★ ஒலிக்கு எங்கே வேகம் அதிகம்?
காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். கடல்நீரிலோ சுமார் 1,500 மீட்டர்! நான்கு மடங்குக்கும் மேல்! ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவிதான் சோனார். மீன்கூட்டத்தைக் காட்டும் கருவிக்கும் இதே தத்துவம்தான்!

★ ரேடியோ அலை கடலுக்குள் போகுமா?
சாதாரண ரேடியோ அலை சீக்கிரமே அடங்கிவிடும். அதனால்தான் கடலுக்குள் தேட ஒலி! அப்படியானால் நீர்மூழ்கிக்குச் செய்தி எப்படிப் போகிறது? மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில்! அதற்கான நிலையம் எங்கே தெரியுமா? நம் நெல்லைச் சீமையின் விஜயநாராயணத்தில்! 1990-இல் தொடங்கிய அந்தக் கடற்படைத் தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்!

★ ஒரு போர், ஒரு பாடம்
1971 டிசம்பர் 9. பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கியதில் இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். நீர்மூழ்கியை முன்கூட்டியே கண்டுபிடிக்க, கப்பல்களில் இருந்த பிரிட்டிஷ் சோனாரைக் கூர்மையாக்கும் வேலை பால்ராஜிடம் வந்தது. செய்து காட்டினார்!

★ எம்.டெக். சேர்ந்தவர் டாக்டர் ஆனார்!
அந்தப் போருக்கு முன்பே டெல்லி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படிக்கத்தான் சேர்ந்திருந்தார். பேராசிரியர் பி.வி. இந்திரேசன் அவரை ஆய்வுப் படிப்புக்குத் திருப்பிவிட்டார். 1973-இல் முனைவர் பட்டம்! பிறகு கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவானது ‘அப்சோ’ என்ற உள்நாட்டு சோனார். 1980-களில் இந்தியப் போர்க்கப்பல்களில் ஏறியது!

★ கடலை விட்டு வானுக்கு!
1991-இல் கமோடராக ஓய்வு. அடுத்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். சோனாரில் பல உணர்கருவிகள் சேர்ந்து ஒலியைக் கேட்கும். அந்தக் கணக்கில் ஊறியவர், பல ஆன்டெனாக்களை வைத்து ஒரே அலைவரிசையில் பல தகவல் ஓடைகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்றார்! அதுதான் ‘மைமோ’. 1992-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994-இல் கிடைத்தது. இன்று 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாவற்றிலும் மைமோ!

★ விருது மழை!
2010-இல் பத்மபூஷண்! 2011-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பதக்கம்! 2014-இல் மார்கோனி பரிசு! 2018-இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழரங்கில் இடம்!

உங்கள் வீட்டு வைஃபை பெட்டியில் எத்தனை ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கிறது? இப்போதே எண்ணிப் பாருங்கள்! ஒன்றுக்கு மேல் இருந்தால், ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களுக்குத் தெரியும்தானே?