முதல் வடை யாருக்கு?

இரவு பதினோரு மணிக்கு ஒருவர் பதிவு போடுவார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, "மீ த ஃபர்ஸ்ட்டு!" என்று ஒரு பின்னூட்டம் வந்து விழும். அடுத்து வந்தவர் "ஐயய்யோ, வடை போச்சே!" என்று அலறுவார். மூன்றாமவர் "உள்ளேன் ஐயா" என்று வருகைப் பதிவு செய்வார். நான்காமவர் "இருங்க, படிச்சுட்டு வர்றேன்" என்று துண்டு போட்டுவிட்டுப் போவார். ஆக, நான்கு பின்னூட்டம் வந்தாயிற்று. பதிவை இன்னும் ஒருவரும் படிக்கவில்லை!

2005-க்குப் பிறகான சில ஆண்டுகளில் தமிழ் வலைப்பதிவுகளுக்குள் புதிதாக நுழைந்தவர்கள் இதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். யார் இவர்கள்? முதல் பின்னூட்டம் என்ற இந்த வடைக்கு எதற்கு இவ்வளவு அடிதடி? ஒருவருக்கொருவர் ஏன் இப்படிப் புகழ்ந்துகொள்கிறார்கள்? இந்தக் கூத்து நடந்த விதத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், வாங்க. பயப்பட வேண்டாம், ரகசியமாக நடந்தது எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் தூக்கிவிடுவதை இவர்கள் பட்டப்பகலில், ஊரறியத்தான் செய்தார்கள். வேடிக்கையே அதுதான்.

பின்னூட்டம் போட்டால் பதிவு மேலே வரும்!

தமிழில் வலைப்பதிவுகள் 2003 வாக்கில் முளைத்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தபோது பிரச்சினை இல்லை; எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மதி கந்தசாமி போன்ற பதிவர்கள் பதிவுகளைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டார்கள். ஆனால் எண்ணிக்கை கூடக் கூட, யார் என்ன எழுதினார்கள் என்று ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்க முடியுமா? 2004-இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். யார் புதிதாக எழுதினாலும் தலைப்பும் முதல் சில வரிகளும் அங்கே ஒரே பக்கத்தில் வந்துவிடும். பிறகு தேன்கூடு வந்தது, தமிழிஷ் வந்தது, அதுவே இன்ட்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இங்கேதான் சூட்சுமம். திரட்டியின் முகப்பில் புதிய பதிவு வந்துகொண்டே இருக்கும். பழையது கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதியது மதியத்துக்குள் காணாமல் போய்விடும். ஆனால் அண்மையில் பின்னூட்டம் பெற்ற பதிவுகளுக்கென்று அதே முகப்பில் தனியாக ஓர் இடம் இருந்தது. யாராவது ஒருவர் வந்து வெறும் சிரிப்பானைப் போட்டால்கூடப் போதும், பதிவு மறுபடி வெளிச்சத்துக்கு வந்துவிடும்!

இப்போது புரிகிறதா அந்த "உள்ளேன் ஐயா"வின் மகிமை? பின்னூட்டம் போடுவது கருத்துச் சொல்வது மட்டுமல்ல, நண்பனின் பதிவைக் கையைப் பிடித்து மேலே இழுப்பது. இரண்டு பேர் அலுவலகத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் போதும், ஒரு பதிவை நாள் முழுக்க முகப்பிலேயே நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பெயர் கும்மி. "கும்மி அடிக்கலாம் வாங்க" என்று வெளிப்படையாக அழைப்பே விடுத்தார்கள். கும்மி எல்லை மீறிப் போகவே, பின்னூட்டத்துக்கு உயரெல்லை வைக்க வேண்டிய நிலை திரட்டிக்கு வந்தது. அடங்குவார்களா? எல்லையைத் தொட்டதும் 'பாகம் இரண்டு' திறந்து அங்கே தொடர்ந்தார்கள்.

த.ம. 7

பிறகு வந்தது ஓட்டுப்பட்டை. பதிவின் அடியில் ஒரு சிறு பட்டை. பிடித்திருந்தால் கட்டைவிரலை மேல்நோக்கி அமுக்கலாம். ஏழு ஓட்டைத் தொட்டால் பதிவு 'வாசகர் பரிந்துரை' பகுதிக்குப் போய்விடும். அந்த ஏழாவது ஓட்டுக்கு இருந்த மவுசு இருக்கிறதே! "த.ம. 6, அடுத்து வர்றவர் புண்ணியம் கட்டிக்குங்க" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போவார். "த.ம. 7! பரிந்துரைக்கு அனுப்பியாச்சு, ட்ரீட் எப்போ?" என்று அடுத்தவர் வருவார். த.ம. என்றால் தமிழ்மணம்.

கவனியுங்கள்: ஓட்டுப் போட்டவர் போட்டதை மறைக்கவில்லை. எத்தனையாவது ஓட்டு என்று எண்ணோடு எழுதிவைத்தார். கூடவே "நம்ம கடைப் பக்கமும் வாங்க" என்று ஒரு வரி. பதிவர்கள் இதற்குத் தாங்களே வைத்த பெயர் மொய். சரியான பெயர். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். எழுதியது நோட்டில் இருக்கும். நாளை எழுதியவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். பதிவுலகத்திலும் அதே கணக்குதான். நோட்டு மட்டும் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. யார் வீட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பதை யாரும் படித்துப் பார்க்கலாம். வராதவர் வீட்டில் மெல்லிய ஊடலும் உண்டு: "அண்ணன் இப்பல்லாம் நம்ம பக்கம் வர்றதே இல்ல!"

எட்டு பேரைக் கூப்பிடு!

அடுத்த கூத்து தொடர்பதிவு. 2007-இல் 'எட்டு' என்று ஒரு விளையாட்டு சுற்றியது. உங்களைப் பற்றி எட்டு விஷயம் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் இன்னும் எட்டு பேரை, பெயரும் சுட்டியும் கொடுத்து அழைக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? கணக்குப் போடுங்கள். ஒருவர் எட்டு பேரை அழைக்கிறார். அந்த எட்டு பேர் 64 பேரை. அவர்கள் 512 பேரை. அடுத்த சுற்றில் 4,096 பேர். அன்றைய தமிழ்ப் பதிவுலகம் இதைத் தாங்குமா? மூன்றாவது சுற்றுக்குள்ளேயே அழைக்க ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள். "நான் கூப்பிட நினைச்சவங்களை எல்லாம் ஏற்கெனவே யாரோ கூப்பிட்டுட்டாங்க" என்ற புலம்பல் பதிவுக்குப் பதிவு கேட்டது. ஆனால் அந்தத் தேடலில்தான் யாரும் எட்டிப் பார்க்காத மூலைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். விளையாட்டின் உண்மையான லாபம் அது.

2009-இல் '32 கேள்விகள்' வந்தது. உங்களுக்கு ஏன் இந்தப் பெயர், கடைசியாக அழுதது எப்போது என்று கேள்விகள் போகும். புனைபெயருக்குப் பின்னால் மறைந்திருந்த மென்பொருள்காரரும் இல்லத்தரசியும் அழுத கதையைச் சொல்லிவிட்டு, அடுத்தவரை மாட்டிவிட்டுப் போனார்கள். 2012-இல் 'லீப்ஸ்டர்' என்ற விருது கைமாறியது. வாங்கியவர் தன் பங்குக்கு ஐந்து பேருக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்களைப் பின்தொடர்கிறவர்கள் 200-க்குக் குறைவாக இருக்க வேண்டும். நடுவர் இல்லை, மேடை இல்லை, பொன்னாடை இல்லை. ஆனாலும் அந்தச் சிறு படத்தை வலைப்பதிவின் ஓரத்தில் ஒட்டிவைத்து ஆண்டுக்கணக்கில் அழகு பார்த்தார்கள்.

ஒரு வார ஆசிரியர்

இப்படி ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்துவதை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்த இடம் 2007-இல் தொடங்கிய 'வலைச்சரம்'. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு பதிவர் அதற்கு ஆசிரியர். அவருடைய வேலை மற்ற பதிவர்களை அறிமுகப்படுத்துவது மட்டுமே. முதல் நாள் தன் பதிவுகளைப் பற்றி எழுதிக்கொள்ளலாம். கூச்ச சுபாவக்காரர்கள் நெளிந்த நாள் அது! மறுநாள் முதல் அடுத்தவர் புராணம்தான்.

அந்த ஒரு வாரம் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முந்தைய வாரமே இரவு விழித்து, யாரோ எப்போதோ எழுதிய பழைய பதிவுகளைத் தோண்டி எடுக்க வேண்டும். சமையல் ஒரு நாள், கவிதை ஒரு நாள், பயணம் ஒரு நாள், தொழில்நுட்பம் ஒரு நாள் என்று பிரிக்க வேண்டும். தெரிந்தவர்களையே போட்டால் "மறுபடி அதே ஆட்களா?" என்பார்கள், தெரியாதவர்களைப் போட வேண்டுமென்றால் படித்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. நாள்தோறும் அலுவலகமும் பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பி, இடையில் ஏழு பதிவு. காசு? ஒரு பைசா கிடையாது.

அறிமுகம் பெற்றவருக்கு விஷயம் தெரிய வேண்டுமே? அதற்கும் ஆள் இருந்தார்கள். "இன்றைய வலைச்சரத்தில் உங்கள் பதிவு அறிமுகமாகியிருக்கிறது, வாழ்த்துகள்!" என்று வீடு வீடாகப் போய்ப் பின்னூட்டம் போட்டுச் சொல்வதையே தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். படிக்க ஒரு ஆளும் இல்லை, கடையை மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேரை அந்த ஒரு வரி மறுநாளும் எழுத வைத்தது.

ராத்திரி பன்னிரண்டு மணி மெக்கானிக்குகள்

வாழ்த்தும் வடையும் வெளியே தெரிந்தவை. உள்ளே நடந்த உழைப்பு வேறு. தொடக்க காலத்தில் எழுத்துரு ஒரு பெரும் தலைவலி: ஒருவர் திஸ்கி என்ற குறியீட்டில் எழுதுவார், இன்னொருவர் யுனிகோடில். திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தமிழரான சுரதா, எழுத்துருவை மாற்றித் தரும் 'பொங்குதமிழ்' செயலியை உருவாக்கி இணையத்தில் போட்டார். பலரை அது காப்பாற்றியது. எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை எப்படி நிறுவுவது, ஓட்டுப்பட்டையை எந்த வரிக்குக் கீழே ஒட்டுவது என்று படம் போட்டு விளக்கப் பதிவுகள் வந்தன. வார்ப்புரு உடைந்து பக்கமே வெள்ளையாகிவிட்டால், முகம் பார்த்திராத ஒருவரிடம் கடவுச்சொல்லையே கொடுத்து "கொஞ்சம் பாருங்களேன்" என்றவர்கள் உண்டு. அவரும் பார்த்துச் சரிசெய்துவிட்டு "முதல்ல கடவுச்சொல்லை மாத்துங்க" என்று திட்டிவிட்டுப் போவார்.

2012-இல் கூகுள், இந்தியாவில் பிளாக்ஸ்பாட் முகவரிகளை டாட் காமிலிருந்து டாட் இன்னுக்குத் திருப்பிவிட்டது. முகவரி மாறியதும் திரட்டியில் இணைப்பதிலும் ஓட்டிலும் ஒரே குழப்பம். தொழில்நுட்பப் பதிவர்கள் உடனே நிரல்வரிகளோடு வந்தார்கள். மற்றவர்கள் அதை நகலெடுத்து ஒட்டிவிட்டு "நன்றி தெய்வமே" என்றார்கள். 'தமிழில் புகைப்படக்கலை' என்ற குழுப்பதிவு கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததோடு மாதாமாதம் போட்டியும் வைத்தது. தன் தொழில் ரகசியத்தை வரிசையாக எழுதிக் கொடுக்கும் ஆசிரியர் எந்தக் கல்லூரியில் கிடைப்பார்?

நீங்கதானா அவரு?

திரைக்கு வெளியே சந்தித்துக்கொண்டால் இன்னும் கூத்து. 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. 2009-இல் கொழும்பிலும் ஈரோட்டிலும் பதிவர்கள் கூடினார்கள். 2012-இல் சென்னை, 2014-இல் மதுரை, 2015 அக்டோபரில் புதுக்கோட்டை என்று சந்திப்புகள் விரிந்தன. அப்பா அம்மா வைத்த பெயர் அங்கே செல்லாது, புனைபெயர்தான் செல்லும். இணையத்தில் அனல் பறக்கச் சண்டை போட்ட இருவர், பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்து "சாம்பார் ஊத்தட்டுமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். மேடையில் பதிவர்களின் புத்தகங்கள் வெளியாகும், வாங்குகிறவர்களும் பதிவர்களே. புதுக்கோட்டையில் பதிவர்களின் கையேடு ஒன்றே அச்சாகி வந்தது. மொய் விருந்து ஊராயிற்றே, விழாவுக்கு நன்கொடை தந்தவர் பட்டியலும் இணையத்தில் வெளிப்படையாக வந்தது! சக பதிவர் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை என்றபோது, அவரைப் பார்த்தே இராதவர்கள்கூடப் பணம் அனுப்பினார்கள்.

அருமை! பகிர்வுக்கு நன்றி

எல்லாம் தேனும் பாலுமா? இல்லை. மொய்க்கு ஓட்டு என்றானபின், குழுவாக இருந்தவர்களின் மொக்கை மேலே போனது. தனியாளின் நல்ல கட்டுரை கீழே கிடந்தது. படிக்காமலே "அருமை! பகிர்வுக்கு நன்றி" என்று ஒட்டிவிட்டுப் போகும் டெம்ப்ளேட் பின்னூட்டம் பெருகியது. இரங்கல் பதிவுக்கு அடியிலும் அதே "அருமை" வந்து உட்கார்ந்தபோது, பதிவுலகமே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு ஆட்கள் ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் நகர்ந்தார்கள். பதிவுகளைத் தொகுத்துப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. தமிழ்மணமும் ஒரு கட்டத்தில் ஓய்ந்தது.

ஆனாலும் என் தீர்ப்பு இதுதான்: அந்த வடைக்கும் மொய்க்கும் நடுவில் உண்மையான வாசிப்பு நடந்தது. ஒருவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் அவரைப் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயம் இருந்தவரை புகழ்ச்சிக்கு மதிப்பு இருந்தது. அது போனதும் ஓட்டும் வெறும் எண்ணாகிவிட்டது. இன்றைய விருப்பக்குறிக்குப் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

உங்களுக்குப் பிடித்தபடி எழுதுகிற ஒருவர், பத்து பேர்கூடப் படிக்காத இடத்தில் நிச்சயம் இருப்பார். இன்று அவருடைய பதிவு ஒன்றை முழுதாகப் படியுங்கள். எது பிடித்தது என்று இரண்டு வரி எழுதி, அவர் பெயரையும் சுட்டியையும் சேர்த்து உங்கள் பக்கத்தில் போடுங்கள். அவர் திருப்பி மொய் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.